மைசூர் ஏ. கே. இராமானுஜன்: ஓர் ஓதற்பிரிவின் வரலாறு

மனிதர் ஒருவரை ஒருவர் பிரிந்து செல்லும் காரணங்களை வகுத்துக் கூறிய தொல்காப்பியர், ஓதலையும் ஒரு காரணமாக வைத்தார். பகை மேற்செல்லப் பிரிவதுண்டு. தூது செல்லப் பிரிவதுண்டு. பொருள் தேடப் பிரிவதுண்டு. அவற்றோடு ஒப்பக் கல்வி கற்கப் பிரிவதும் உண்டு என்றார். அதோடு நின்றாரில்லை. கல்விக்காகப் பிரிந்த தலைவன் மூன்று ஆண்டுகளைக் கடந்து தங்குதல் ஆகாது என்று கற்பியலில் ஓர் எல்லையும் கட்டினார். படிக்கப் போனவன் எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்திருந்த வீடுகள் அப்பண்டைக் காலத்திலும் இருந்திருக்கின்றன. இல்லையேல் அந்த எல்லைக்குத் தேவை ஏது?

நண்பர்களே, நம்முடன் பயிலும் தோழர்களுள் சிலர் அடுத்த ஆண்டு கடல் கடந்து செல்லக் காத்திருக்கின்றனர். செல்வோர்க்கும், இங்கிருந்து வழியனுப்பும் நமக்கும், நம் ஊரிலிருந்தே சென்ற ஒருவருடைய வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றேன். அவர் 1959இல் சென்றார். மூன்றாண்டுகள் கழிந்தன. குடியிருக்க அவர் மைசூருக்குத் திரும்பவில்லை. ஆயினும் அந்த மூன்றாம் ஆண்டு முடியும் வேளையில், பிறந்த வீட்டில் பேசியும் அறியாதிருந்த ஒன்றை அவர் அந்நிய நாட்டில் கண்டெடுத்தார். அவரே ஏ. கே. இராமானுஜன்.

இராமானுஜன் என்றவுடன் கும்பகோணத்துக் கணித மேதையை நினைப்போர் பலர். அவர் 1914இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, 1919இல் நோயுடன் திரும்பி, மறு ஆண்டே மறைந்தவர். இவர் வேறு. இவர் கவிஞர், மொழியியல் அறிஞர், மொழிபெயர்ப்பாளர். கணிதம் இவருக்கு வரவே இல்லை. அதைக் கண்டு சொன்னவர் கணிதப் பேராசிரியரான இவருடைய தந்தையே!

மூன்று மொழி வழங்கிய வீடு

அத்திப்பட்டு கிருஷ்ணசுவாமி இராமானுஜன் 1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் மைசூரில் பிறந்தார். குடும்பம் தமிழ் பேசும் வைணவக் குடும்பம். இராமானுசர் வந்து தங்கிய மேல்கோட்டை நமக்கு அண்மையில்தான் இருக்கிறது. அந்த மரபின் வழியே ஆழ்வார்களின் தமிழும் கன்னட நாட்டில் பல நூற்றாண்டுகளாக ஒலித்து வருகிறது. அந்த மரபில் வந்த வீட்டில், அந்தப் பெரியாரின் பெயரையே தாங்கிய பிள்ளை இவர்.

தந்தையார் கிருஷ்ணசுவாமி மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியலும் கற்றவர். தலையில் வெள்ளைத் தலைப்பாகை, நெற்றியில் நாமம், வேட்டியின்மேல் ஆங்கில முறையில் தைத்த கம்பளிச் சட்டை, காலில் பளபளக்கும் தோல் செருப்பு. இது அவர் பல்கலைக் கழகம் செல்லும் கோலம். வீட்டின் உட்பகுதிக்குள் நுழையுமுன் அந்தக் காலணிகளைக் கழற்றிவிடுவார். தொலைநோக்கியால் கோள்களை ஆராய்பவர்; அதே கோள்களை வைத்துச் சாதகமும் கணிப்பவர். புதிதாகக் கண்டறிந்த நெப்டியூனும் புளூட்டோவும் சோதிடத்தில் எங்கே இடம்பெறும் என்று இளைஞரான மகன் மடக்கிக் கேட்டதுண்டு. தந்தையார் சற்றும் கலங்கவில்லை. வேண்டிய திருத்தங்களைச் செய்துகொண்டால் போயிற்று என்ற பொருள்படச் சொல்லி முடித்துவிட்டார். மகனுக்கு அன்று எரிச்சல். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின், இந்தியர் சிந்திக்கும் முறையைப் பற்றி அவர் எழுதிய புகழ்மிக்க கட்டுரைக்கு அந்த எரிச்சலே வித்தாயிற்று.

வீட்டில் மொழிகளுக்கும் தனித்தனி இடம் இருந்தது. மாடியில் தந்தையாரின் படிப்பறை, அங்கே ஆங்கிலம். கீழே அன்னையாரும் பாட்டியும் புழங்கிய சமையற்கட்டு, அங்கே தமிழ். வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். மாடிக்கும் அடுப்பங்கரைக்கும் தெருவுக்கும் ஒரு நாளில் பலமுறை ஓடிய சிறுவன், மொழிபெயர்ப்பு என்ற சொல்லை அறியுமுன்னரே மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டான்.

மாலையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார்த்தி வைத்துச் சோறு பிசைந்து கையில் போடும் பாட்டி, அவர்கள் உண்டு முடிக்குமுன் உறங்கிவிடாதிருக்கக் கதை சொல்வாள். அந்தக் கதைகள் தமிழில் வந்தன. தமிழ் அவருக்குச் சோற்றோடு கலந்து வந்த மொழி. ஆனால் பள்ளிப்படிப்புக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. தமிழ் வாய்க்கும் செவிக்கும் உரிய மொழியாகவே நின்றது. அதன் பழைய இலக்கியம் அவருக்குப் பூட்டிய பெட்டியாகவே இருந்தது.

இதைப் படிக்கும் மைசூர்த் தமிழ் மாணவருள் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதையாக இருக்கும்! வீட்டில் அம்மாவிடம் தமிழ், கடைவீதியில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வாழ்வோர் நாம். பாட்டியின் பேச்சு நமக்கு விளங்கும். பாட்டியின் பாட்டி அறிந்திருந்த பாட்டு நமக்கு விளங்காது.

கல்லூரியும் ஆசிரியப் பணியும்

மரிமல்லப்பா உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இராமானுஜன், அடுத்து மகாராஜாக் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் எடுத்தது விஞ்ஞானம். மகனின் மனம் கணக்கில் ஓடவில்லை என்பதைக் கண்டுகொண்ட தந்தையார், ஆங்கில இலக்கியத்துக்கு மாறச் சொன்னார். தம் துறையிலேயே மகனைத் தள்ளும் தந்தையரை நாம் கண்டிருக்கின்றோம். தம் துறையிலிருந்து மகனை விடுவித்த தந்தை இவர். 1949இல் இளங்கலை ஆனர்சும், 1950இல் முதுகலைப் பட்டமும் இராமானுஜனுக்குக் கிடைத்தன.

பின்னர் எட்டாண்டுகள் ஊர் ஊராக ஆங்கில விரிவுரையாளர் பணி. கேரளத்துக் கொல்லம், பாண்டியர் தலைநகராம் மதுரை, கன்னட நாட்டுப் பெல்காம், குசராத்துப் பரோடா என்று அவர் தங்கிய ஊர்களின் வரிசை ஒரு சிறு பாரத யாத்திரை. இவற்றுள் பெல்காமில்தான் நெடுநாள் இருந்தார். அங்கிருந்தபோது நாட்டுப்புறக் கதைகளைக் கேட்டு எழுதி வைக்கும் பழக்கம் வலுத்தது. கையில் பட்டம், வாயில் ஆங்கிலம், செவியில் கிழவியர் கதை!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கம் இருந்ததாகப் பெருமை பேசும் மதுரையில், தியாகராசர் கல்லூரியில், அவர் ஆசிரியராக இருந்திருக்கிறார். அங்கும் அவர் கற்பித்தது ஆங்கிலம். சங்கத் தமிழைக் கற்கும் காலம் அவருக்கு அன்று வாய்க்கவில்லை. அருகிலிருப்பதால் மட்டும் ஒரு பொருள் நமக்குரியதாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

1958இல் பூனா டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயின்றார். மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் அந்தக் கலை, அவர் சிறுவயதில் மாடிக்கும் தெருவுக்கும் ஓடிச் செய்ததையே இலக்கணத்தோடு செய்வதாக அமைந்தது. அவர் வாழ்க்கை திசை திரும்பிய இடம் அது.

கடற்பயணம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல், அமெரிக்க நாட்டுச் செனட் உறுப்பினர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு சட்டம் கொண்டுவந்தார். வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு, நாடுகளுக்கிடையே மாணவரையும் ஆசிரியரையும் பரிமாறிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். போருக்குச் செய்த பொருள் கல்விக்குப் பயன்பட்டது. இந்தியாவும் அமெரிக்காவும் 1950இல் இதற்கென உடன்படிக்கை செய்துகொண்டன. அத்திட்டத்தின்கீழ்ச் சென்ற இந்திய மாணவருள் இராமானுஜனும் ஒருவர்.

அவர் புறப்பட்டது 1959இல், வயது முப்பது. கடல்வழிப் பயணம். அந்நாளில் அமெரிக்கா செல்வது ஒரு பகலும் ஓர் இரவும் அன்று, பல வாரங்கள். வழியில் கண்டதையும் நினைத்ததையும் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போனார். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 2019இல், அவருடைய நாட்குறிப்புகள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தபோது, புகழ்பெற்ற பேராசிரியரின் எழுத்துக்கு முன்னால் ஐயமும் ஆவலும் நிறைந்த ஒரு மாணவரின் எழுத்தை வாசகர் கண்டனர்.

வழியனுப்பத் தந்தையார் இல்லை; அவர் முன்னரே காலமாகிவிட்டார். தந்தையார் விட்டுச் சென்றதைப் பற்றி இராமானுஜன் பின்னாளில் ஓர் ஆங்கிலக் கவிதை எழுதினார். தூசு படிந்த தாள்களும் கடன்களும் பெண்மக்களுமாக ஒரு குடும்பத் தலைவர் மறைந்ததை, அழுகைச் சொல் ஒன்றுமின்றி, சற்றே கேலியும் கலந்து சொல்லும் கவிதை அது. படித்து முடித்தபின்தான் அது ஒரு மகனின் ஒப்பாரி என்பது நமக்குப் புலப்படும்.

புளூமிங்டன் நகரிலுள்ள இந்தியானாப் பல்கலைக் கழகத்தில் அவர் மொழியியல் மாணவரானார். ஆசிரியராக எட்டாண்டு நின்றவர் மறுபடியும் மாணவர் பெஞ்சில் அமர்ந்தார். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கன்னட மொழியின் இலக்கணம். மைசூர்த் தெருவில் கற்ற மொழி அமெரிக்காவில் அவருக்கு 1963இல் டாக்டர் பட்டம் தந்தது. தெருவின் மொழிக்குரிய கடன் தீர்ந்தது. அடுப்பங்கரை மொழியின் கடன் எஞ்சியிருந்தது.

நிலவறையில் கண்ட நூல்

டாக்டர் பட்டம் கைக்கு வருமுன்னரே சிகாகோப் பல்கலைக் கழகம் அவரைப் பணிக்கு அழைத்துக்கொண்டது. திராவிட மொழிகளையும் மொழியியலையும் கற்பிக்கும் வேலை. தமிழ் கற்பிக்க வேண்டுமெனில் பழந்தமிழும் ஓரளவு தெரியவேண்டும். அவருக்கோ அது தெரியாது. தெரியாததைத் தெரியும் எனக் காட்டிக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. எளிய பழந்தமிழ் இலக்கணம் ஒன்று கிடைக்குமா என்று தேடிப் புறப்பட்டார்.

1962ஆம் ஆண்டு, அவர் சிகாகோ வந்த தொடக்க நாட்கள், ஒரு சனிக்கிழமை. அப்போது பல்கலைக் கழக நூலகமாக விளங்கிய ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறையில், புத்தக அடுக்குகளுக்கிடையே அவர் நடந்துகொண்டிருந்தார். தேடியது பள்ளிப் பிள்ளைகளுக்கான இலக்கணம். கையில் கிடைத்தது வேறு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் பதிப்பித்த குறுந்தொகை!

நூலைத் திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாடல்கள் முதலில் விளங்கவில்லை. ஆனால் அவற்றின் கீழிருந்த உரைநடை, அவரே வியக்கும் வண்ணம், தெளிந்த நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கல்போல விளங்கிற்று. அந்த உரையின் கைபற்றிப் பாடலுக்குள் சென்றார். பூட்டு ஒவ்வொன்றாகத் திறந்தது. தன் மொழியில், தன் முன்னோர், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த ஓர் உலகம். அதன் வாரிசு என்று அறியாமலேயே தான் முப்பத்து மூன்று வயது வரை வாழ்ந்துவிட்டோம் என்று உணர்ந்தார். காணாமற்போன கழுதையைத் தேடிப் போனவன் அரசு பெற்றான் என்று விவிலியத்தில் வரும் கதையோடு அவர் தம் நிலையை ஒப்பிட்டுக்கொண்டார்.

பல ஆண்டுகளுக்குப் பின் இதை நினைவுகூர்ந்தபோது அவர் வலியுறுத்திய கருத்தை நாம் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். தன் மரபாயினும் அது பிறப்பால் மட்டும் ஒருவனுக்குச் சொந்தமாவதில்லை. உழைத்தே அதனை ஈட்டவேண்டும், மீட்டுக்கொள்ளவேண்டும் என்பதே அக்கருத்து.

1959உம் மூன்றும் கூட்டினால் 1962. தொல்காப்பியர் கட்டிய எல்லை மீறப்படவில்லை. பிள்ளை வீட்டுக்குத் திரும்பாவிடினும், வீடு பிள்ளையைத் தேடி வந்துவிட்டது!

பெரியவர் ஒருவரின் உழைப்பு

இங்கே சற்று நின்று, அந்த உரை அங்கே எவ்வாறு வந்தது என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். குறுந்தொகைக்குப் பழைய உரை ஒன்று இருந்தது. 380 பாடல்களுக்குப் பேராசிரியரும், எஞ்சிய 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை கண்டனர் என்பது மரபு. அவ்வுரை கிடைக்கவில்லை, கரையானுக்கு இரையானதோ, ஆற்றில் விட்டதோ! 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் நூலை முதலில் அச்சேற்றினார். பின்னர் சாமிநாதையர், இழந்த உரையின் இடத்தில் தாமே ஒரு புத்துரை எழுதி 1937இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

அந்தச் சாமிநாதையரே ஒரு காலத்தில் இந்த உலகை அறியாதவர்தாம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் தலபுராணங்களையும் பட்டியலிட்டார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டோ என்று கேட்டுச் சீவகசிந்தாமணியைக் கையில் கொடுத்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், காவிரிக் கரையில் வாழ்ந்தவர், தமிழையே தொழிலாகக் கொண்டவர். அவருக்கே பழந்தமிழ் அன்று புதிதாக இருந்தது. அந்த வெட்கமே பின்னர் அறுபதாண்டு உழைப்பாக மலர்ந்தது.

ஆகவே அறியாமை குற்றமன்று. கும்பகோணத்தில் ஒருவர் வெட்கப்பட்டதால் ஒரு நூல் அச்சேறியது. அந்நூல் கடல் கடந்து கிடந்ததால், சிகாகோவில் இன்னொருவர் தம் வீட்டைக் கண்டார். எண்பத்திரண்டு வயது முதியவர், யாரென்றே அறியாத ஒரு மாணவனுக்காக உரை எழுதி வைத்தார் எனலாம். 1942இல் அவர் மறைந்தபோது அந்த மாணவன் மைசூரில் பள்ளிச் சிறுவன்.

பெற்றதைப் பகிர்ந்தார்

கண்டதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை இராமானுஜன். இரவும் பகலும் கற்றார். கற்றவாறே ஆங்கிலத்தில் பெயர்த்தார். குறுந்தொகையிலிருந்து எழுபதுக்கு மேற்பட்ட பாடல்களைத் தேர்ந்து 1967இல் ஒரு நூலாக்கினார். அகம் என்னும் சொல்லுக்கு ஈடாக, உள்ளத்துள் விரியும் நிலக்காட்சி என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். வெளியிட்டது இந்தியானாப் பல்கலைக் கழகப் பதிப்பகம். விருந்தாளியாய் வந்து தங்கிய மாணவன், அந்த வீட்டாருக்குக் கொடுத்த கைம்மாறு அது.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்நிலமும், அவற்றின் பூவும் பறவையும் பொழுதும் எவ்வாறு மனித உள்ளத்தின் மொழியாகின்றன என்பதை மேலைநாட்டார் உணருமாறு அந்நூலின் பின்னுரையில் விளக்கினார். தம் பெயர் மறைந்து, தாம் தீட்டிய செம்மண் மழைக் காட்சியாலேயே செம்புலப் பெயனீரார் எனப் பெயர் பெற்ற புலவரின் பாட்டை இவர் ஆங்கிலத்தில் தந்தார். முன்பின் உறவில்லாத இரு குடும்பத்துப் பிள்ளைகளின் நெஞ்சங்கள் ஒன்றிப்போன அதிசயத்தைப் பாடும் அப்பாட்டு, இன்று தமிழறியாத பல்லாயிரவருக்கும் தெரிந்த பாட்டு. அதைப் பெயர்த்தவரின் வாழ்விலும் அத்தகைய ஒன்று நடந்திருந்தது. குறுந்தொகையைக் கண்ட அதே 1962இல்தான், கேரளத்துக் கிறித்துவக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் மாலி டேனியல்சை அவர் மணந்தார்.

1981இல் நம்மாழ்வார் பாடல்கள் இவருடைய ஆங்கிலத்தில் வெளிவந்தன. பிறந்த குடும்பத்தின் வழிபாட்டுத் தமிழை அவ்வாறு மீட்டுக்கொண்டார். 1985இல் எட்டுத்தொகையிலிருந்தும் பத்துப்பாட்டிலிருந்தும் அகமும் புறமுமாகத் தேர்ந்த பாடல்களின் பெருந்தொகுதி வந்தது.

தமிழைக் கண்டதனால் கன்னடத்தை அவர் கைவிட்டாரா? இல்லை. பசவண்ணர், அக்கமகாதேவி, அல்லமப்பிரபு ஆகியோரின் வசனங்களை 1973இல் ஆங்கிலத்தில் தந்தார். அனந்தமூர்த்தியின் சம்ஸ்கார நாவலை 1976இல் பெயர்த்தார். கன்னடத்தில் சொந்தக் கவிதைகளும் எழுதி 1969இல் நூலாக்கினார். ஒரு மொழிமேல் அன்பு கொள்வதற்கு இன்னொரு மொழிமேல் பகை கொள்ளவேண்டும் என்று எண்ணுவோர் இரு தரப்பிலும் உண்டு. தாயிடம் ஒரு மொழியும் தோழரிடம் ஒரு மொழியும் பேசி வளர்ந்த மைசூர்ப் பிள்ளைக்கு அந்தப் பகை கடைசி வரை விளங்கவே இல்லை. கன்னட நாட்டில் வாழும் தமிழ் மாணவராகிய நமக்கு இது சிறிய பாடமன்று.

குறை சொன்னோரும் உண்டு. பழம்பாடலின் அடிகளை உடைத்துப் புதுக்கவிதைபோல் அடுக்கிவிட்டார் என்றனர். மூலத்தின் ஓசையை விட்டுவிட்டார் என்றனர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. தமிழின் ஓசை ஆங்கிலத்தில் வராது என்பதை அவரும் அறிவார். ஓசையை விட்டாவது உள்ளத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று துணிந்தார். அவர் துணிந்திராவிடில் உலகம் இந்தப் பாடல்களைக் கேட்க இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ!

நமக்கு ஒரு குறை உண்டு; அதையும் மறைக்கவேண்டியதில்லை. அவர் கவிதை எழுதிய மொழிகள் ஆங்கிலமும் கன்னடமுமே. தமிழ் அவருக்குக் கேட்கவும் கற்கவும் பெயர்க்கவும் உரிய மொழியாயிற்று; பாடும் மொழியாகவில்லை. இளமையில் ஏடு திறக்காத மொழி, முப்பது வயதுக்குமேல் எவ்வளவு அன்பாகப் பற்றினாலும் சிலவற்றைத் தர மறுத்துவிடுகிறது போலும்.

சமையற்கட்டுக்குத் திரும்பிய பேராசிரியர்

இடையிடையே இந்தியா வந்து சென்றார். பட்டங்களும் பரிசுகளும் தேடி வந்தன. 1976இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1983இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. இந்தியா, அமெரிக்கா என்னும் இரு சொற்களையும் இணைக்கும் சிறு கோடுதான் நான் என்று தம்மைப் பற்றி அவர் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. அந்தக் கோட்டின்மேல் வாழ்வது எளிதன்று. இருபுறமும் வீடு உண்டு என்று பிறருக்குத் தோன்றும். இருபுறமும் விருந்தாளிதான் என்று தனக்குத் தோன்றும். அவருடைய ஆங்கிலக் கவிதைகளில் அன்னையும் தந்தையும் பாட்டியும் மைசூர் வீடும் ஓயாது வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் வேறென்ன?

முதுமையை நெருங்கிய காலத்தில் அவர் மீண்டும் பிடித்துக்கொண்டது, பெல்காம் நாட்களில் தொடங்கிய நாட்டுப்புறக் கதைகளை. இந்திய மொழிகள் பலவற்றிலிருந்து தேர்ந்த கதைகளின் தொகுதியை 1991இல் வெளியிட்டார். அந்தக் கதைகளைச் சொன்னோர் பெரும்பாலும் பெண்கள்; சொன்ன இடம் பெரும்பாலும் அடுப்பங்கரை. அறிஞர் சபையில் இடம் பெறாத அந்தக் கதைகளுக்கும் இலக்கணம் உண்டு, கருத்து உண்டு, பெண்களின் கண்கொண்டு பார்த்த உலகம் உண்டு என்று அவர் நிறுவினார். மாடிப் படிப்பறையில் கற்ற ஆங்கிலத்தைக் கொண்டு, கீழ்வீட்டில் பாட்டி பிசைந்து கொடுத்த சோற்றின் சுவையை உலகுக்குச் சொன்னார். மாடியும் அடுப்பங்கரையும் ஒன்றாயின.

1993ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள், சிகாகோவில், அறுவைச் சிகிச்சைக்காகக் கொடுத்த மயக்க மருந்து உடலுக்கு ஒவ்வாமல் அவர் உயிர் நீத்தார். வயது அறுபத்து நான்கு. எழுத வேண்டியது எவ்வளவோ மீதமிருந்தது. கன்னட நாட்டுக் கதைகளின் தொகுதி அவர் மறைந்தபின் 1997இல் வந்தது. அவருடைய ஆங்கிலக் கவிதைகளின் முழுத் தொகுதிக்கு 1999இல் சாகித்திய அகாதெமி பரிசு அளித்தபோது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

நமக்கு என்ன?

கடல் கடந்தவர் திரும்பி வந்தாரா என்று கேட்போர்க்கு என்ன விடை சொல்வது? உடலால் அவர் அங்கேயே தங்கினார். அதில் இழப்பு இல்லை என்று சொல்ல முடியாது. மைசூர் இழந்தது, உறவினர் இழந்தனர், அவரும் இழந்தார். ஆனால் ஊரிலேயே இருந்துகொண்டு தம் வீட்டை அறியாமலே வாழ்ந்து முடிப்போரும் உண்டு. மதுரையில் இருந்தபோது அவருக்கும் பழந்தமிழ் தொலைவில்தான் இருந்தது. சிகாகோவின் நிலவறையில் அது அருகில் வந்தது. தொலைவையும் அருகையும் அளப்பது கப்பல் ஓடிய காதம் அன்று. கற்க வேண்டும் என்ற பசியே.

வெளிநாடு செல்லும் தோழர்களே, செல்லுங்கள். நன்கு கற்றுத் திரும்புங்கள். திரும்ப இயலாவிடினும், வீட்டை மறவாதிருங்கள். ஆயின் இராமானுஜன் கண்டதைக் காண நீங்கள் சிகாகோ வரை போகவேண்டியதில்லை. சாமிநாதையர் உரையுடன் கூடிய குறுந்தொகை இன்றும் கிடைக்கிறது, 401 பாடல்கள், பெரும்பாலானவை எட்டு அடிக்கு மேற்படாதவை. பெட்டி கட்டுமுன் ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து பாருங்கள். பாடல் விளங்காவிட்டால் உரையைப் படியுங்கள். அது நமக்கென்றே எழுதியது.

அதற்கும் முன்னால், இன்றிரவு வீட்டுக்குப் போனதும், கீழே சமையற்கட்டில் இருக்கும் பாட்டியிடம் ஒரு கதை கேளுங்கள். அந்த நூலகம் மட்டும் நெடுநாள் திறந்திருக்காது.